ஒன்பது நாற்காலிகளும் ஒரு வெற்றுச் சீட்டும்

சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கோவில்பட்டியில் வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும் என்று சாத்தூர் தாண்டியதுமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்து நின்றுவிட்டேன். அறுபத்து நான்கு வயதில் இந்தப் பதற்றம் கூடாது என்று என் டாக்டர் சொல்கிறார். அவர் ஜெனீவாவில் பிறந்து ஜெனீவாவிலேயே இருப்பவர். இறங்க வேண்டிய ஊர் ஜன்னலில் நகர்ந்து போவதைப் பார்த்த அனுபவம் அவருக்கு இல்லை.

ஐப்பசி முதல் வாரம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நடைமேடையில் கடலை மிட்டாய் விற்பவரின் குரலைக் கேட்டதும் என்னை அறியாமல் பர்ஸைத் திறந்துவிட்டேன். காலை ஆறு மணிக்குக் கடலை மிட்டாய் தின்னும் ஒரே கிழவி நானாகத்தான் இருப்பேன்.

வெளியே ஆட்டோக்காரரிடம் பழைய மகளிர் விடுதி என்று சொன்னேன். எண்பது ரூபாய் கேட்டார்.

"பழைய ஹாஸ்டலா? பாத்திமாக்கா படிப்பு ரூம்னு சொல்லுங்கம்மா, தெரியும். எம் மவ அங்கனதான் படிக்கா. குரூப் நாலு எழுதுதா." கொஞ்ச தூரம் போனபின் திரும்பாமலே கேட்டார். "அதை விக்கப் போறாவளாமே, நெசமா?"

"நாளைக்கு ஒரு தேர்தல் இருக்கு. அதுக்கப்புறம்தான் தெரியும்" என்றேன்.

"வெளிநாட்டுல இருக்கவியதான் விக்கச் சொல்லுதாவன்னு பேச்சு. நீங்க உள்ளூருதானம்மா?"

எப்போதும்வென்றான் என்ற கிராமத்தில் பிறந்தேன், இந்த விடுதியில் ஐந்து வருடம் இருந்து படித்தேன், பிறகு ஊருக்கு விருந்தாளியாக மட்டுமே வந்தேன். "ஆமா, உள்ளூருதான்" என்று சொல்லிவைத்தேன்.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியின் பழைய மாணவியர் சங்கம் இன்று உலகச் சங்கம். துபாயில் கிளை, சிங்கப்பூரில் கிளை, அமெரிக்காவில் கிளை. பள்ளிக்கு எதிரே இருக்கும் பழைய விடுதிக் கட்டடம் இந்தச் சங்கத்தின் சொத்து. அதைக் கடைகள் கட்டக் கொடுத்துவிட்டு, வரும் தொகையில் உதவித்தொகை தரலாம் என்று ஒரு கட்சி. கூடாது, ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து படிக்கிற இடம் அது என்று இன்னொரு கட்சி. முடிவெடுக்க வேண்டியது ஒன்பது பேர் கொண்ட குழு. அந்தக் குழுவுக்குத்தான் தேர்தல், தேர்தல் அதிகாரி நான்.

என்னைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. ஜெனீவாவில் ஓர் உலக அமைப்பின் செயலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே எல்லா நாடுகளும் கூடி ஒரு செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும். எல்லாரும் குழுவில் உட்கார முடியாதே, அதனால் உலகத்தை ஐந்து பந்தியாகப் பிரித்திருந்தார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா பசிபிக், கிழக்கு ஐரோப்பா, லத்தீன் அமெரிக்காவும் கரீபியனும், மேற்கு ஐரோப்பாவும் மற்றவர்களும். பந்திக்கு இத்தனை நாற்காலி என்று கணக்கு. ஆஸ்திரேலியா பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஆனாலும் அந்த "மற்றவர்களில்" வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு பந்திக்கும் தனி வாக்குச்சீட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவதும், எண்ணுவதும், எண்ணியதை மறுபடி எண்ணுவதும் என் வேலை. அந்த மண்டபத்தின் அமைதியை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. சீட்டு பெட்டிக்குள் விழும் சத்தம் மட்டும் கேட்கும். எந்த நாடும் தன் பெயரைத் தானே எழுத வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் சங்கமும் அப்படியே பிரிந்திருக்கிறது. வளைகுடாவுக்கு இரண்டு, சிங்கப்பூர் மலேசியாவுக்கு இரண்டு, அமெரிக்காவுக்கு இரண்டு, ஐரோப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று, சென்னை பெங்களூருக்கு ஒன்று, தாயகத்துக்கு ஒன்று. சங்கம் தொடங்கியபோது யார் முன்னால் நின்றார்களோ அவர்களைப் பார்த்துப் போட்ட நாற்காலிகள் அவை. உலக அமைப்புகளிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் பேசி முடித்த பங்கீடு அப்படியே இறுகிவிடும். அதன்பின் யார் வளர்ந்தாலும் யார் தேய்ந்தாலும் நாற்காலியை நகர்த்துவதற்கு, நாற்காலியில் இருப்பவரே எழுந்து நிற்க வேண்டும்.

வெளியூர்ப் பந்திகளின் தேர்தல் போன வாரமே கைப்பேசியில் முடிந்துவிட்டது. வந்த எட்டுப் பேரில் நாலு பேர் விற்கலாம் என்பவர்கள், நாலு பேர் கூடாது என்பவர்கள். தலைவர் விற்கும் கட்சி. சமமாக நின்றால் அவர் வாக்கே முடிவு. மிச்சம் இருப்பது தாயகத்தின் ஒற்றை நாற்காலி. அதற்கு ஒரே வேட்பாளர் பாத்து.

மைதீன் பாத்திமா என்பது முழுப்பெயர். பஜாரில் பாத்திரக்கடை. வாப்பா காலத்துக் கடையை அவள்தான் நாற்பது வருடமாக நடத்துகிறாள். விடுதி மூடியபின் அதன் முன்கூடத்தைத் துடைத்து, மேசை போட்டு, காலை ஆறு மணிக்குத் திறந்து வைப்பவளும் அவள்தான். நான் போய் இறங்கியபோது கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

"வந்துட்டியாட்டி? ரயிலு லேட்டா? இல்ல ஆட்டோக்காரன் ஊரைச் சுத்திக் காட்டிட்டானா?" என்றாள். கட்டிக்கொண்டாள். நாலு வருடம் கழித்துப் பார்க்கிறோம். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் படுத்து உறங்கிய இடத்தில் ஒரு பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கேதான் மழைக்காலத்தில் ஒழுகும். அண்ணாந்து பார்த்தேன். இன்னும் ஒழுகிய கறை இருந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

காலை பத்து மணி. உறுப்பினர்களை நேரில் அழைக்க எப்போதும்வென்றானுக்குக் கிளம்பினேன். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, எட்டயபுரத்தில் வண்டி மாற வேண்டும். நகரப் பேருந்தில் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். "பொம்பளையாளுக்குக் காசில்லம்மா" என்று நடத்துநர் சும்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜெனீவா டிராமில் இப்படிக் கொடுத்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சேர்த்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே மழை குடித்த கரிசல், இரண்டு பக்கமும் கறுப்பாக, உழுத சால் தெரிய. மக்காச்சோளம் சாண் உயரம் வந்திருந்தது. சில புஞ்சைகளில் அப்போதுதான் உளுந்து விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சியம்மாளும் அப்படி ஒரு புஞ்சையில்தான் இருந்தாள். எங்கள் வகுப்பு, விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாய். வரப்பிலிருந்து நாலடி உள்ளே வைத்தேன், கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டது. காலைத் தூக்கினால் கால் மட்டும் வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன.

"செருப்பைக் கழட்டாம கரிசல்ல எறங்குதா பாரு! படிச்ச புள்ள! சரி, நம்ம ஊருக்கு எத்தனை சீட்டு?"

"ஒண்ணு."

"ஒம்பதுல ஒண்ணா? பள்ளிக்கூடம் நம்மது, கட்டடம் நம்மது, சீட்டு மட்டும் அவியளுக்கா? நல்லாருக்குட்டி ஒங்க நியாயம்."

நியாயம் என்னுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். விதிமுறையை எழுதிக் கொடுத்தது நான்தான் என்பது நினைவுக்கு வர, குனிந்து செருப்பைப் பிடுங்கினேன்.

"பாத்துக்குன்னா வாரேன். ஆனா மூணு அம்பது பஸ்ஸைப் பிடிச்சிருவேன். மாடு கெடக்கு" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் எனக்குப் பழைய ஒரு தேர்தல் ஞாபகம் வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். பள்ளி இறுதி வருடம். மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு வகுப்பிலிருந்து ஒருத்தியை அனுப்ப வேண்டும். பாத்துவா நானா? டீச்சர் சீட்டு எழுதிப் போடச் சொன்னார். நாற்பத்து மூன்று பேர். டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார், பாத்து வாங்கி மேசைமேல் இருந்த கம்பியில் குத்தி வைத்தாள், கடையில் ரசீது குத்துகிற மாதிரி. எனக்கு இருபத்து இரண்டு, அவளுக்கு இருபத்து ஒன்று. "நான் ஒன் பேரைத்தாம்ட்டி எழுதுனேன்" என்றாள் பாத்து, மணி அடித்ததும். "நானும் ஒன் பேரைத்தான்" என்றேன். அது பொய். நான் என் பெயரை எழுதியிருந்தேன், தாளின் நடுவில், என் வழக்கப்படி கொட்டைக் கொட்டையாக. அந்தப் போட்டியில் கிடைத்த பரிசுதான் மதுரைக் கல்லூரிக்கு வழி திறந்தது, கல்லூரியில் படித்த பிரெஞ்சுதான் ஜெனீவாவுக்கு. பாத்து பரீட்சை முடிந்த பத்தாவது நாளே வாப்பா கடையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு, காலை பதினொன்று. விடுதிக் கூடத்தில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தது. வாக்குப்பெட்டி பாத்து கடைச் சரக்கு, பத்துக் கிலோ அரிசி பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா. மூடியில் கத்தியைச் சுட வைத்துக் கீறியிருந்தாள். பதிவேட்டில் முப்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். தாயகச் செயலாளர் ராமலட்சுமி அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ், வரவேற்புரை என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். அதன்பின் ஒரு தப்பு நடந்தது. எதிர்த்து நிற்க யாரும் இல்லை என்று நான் அறிவித்தேனோ இல்லையோ, யாரோ பாத்து கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள். கைதட்டல். பின்கட்டில் இலை போட்டாயிற்று என்று ஒரு குரல்.

"இன்னும் தேர்தல் நடக்கலை!" என்று கத்தினேன். "போட்டி இல்லாட்டியும் ஓட்டு உண்டு. கையெழுத்துப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல, அதாவது பதினேழு பேர் பேரை எழுதணும். இல்லாட்டி நாற்காலி காலி!"

அது ஜெனீவாவிலிருந்து நான் கொண்டுவந்த விதி. அங்கே ஒரு பந்திக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடித்து, நாற்காலிக்குச் சரியாக ஆளை நிறுத்துவார்கள். இருந்தாலும் பெட்டி சுற்றிவரும். பேசி முடித்தது உள்ளே, சம்மதம் வெளியே தெரிய வேண்டும் என்பது அதன் பொருள். எங்கள் ஊரில் போட்டி இல்லையென்றால் மாலை, மாலைக்குப் பிறகு சாப்பாடு. இது தெரிந்திருந்தும் பந்தி நேரத்தில் வாக்குப்பதிவை வைத்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். "மாலை விழுந்த கழுத்துக்கு ஓட்டு எதுக்கு தாயி, வாங்க சாப்பிட" என்று என்னையே கூப்பிட்டாள் ஒருத்தி. பேச்சியம்மாள் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகல் ஒன்றரை. டப்பாவைக் கவிழ்த்தேன். பத்தொன்பது சீட்டு. பதினாறில் பாத்திமா பெயர். ஒன்றில் "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று எழுதியிருந்தது. ஒன்றில் "வடிவு" என்று என் பெயர், நான் வேட்பாளரே இல்லை. ஒன்று வெற்றுச் சீட்டு, நாலாக மடித்தது. பதினேழுக்கு ஒன்று குறைவு.

கூடம் அமைதியானது. ஜெனீவா அமைதி போல இல்லை, இழவு வீட்டு அமைதி. பாத்து மாலையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினாள்.

"அந்த வெள்ளைச் சீட்டு என்னுதுதான்" என்றாள். "தன் பேரைத் தானே எழுதுவாளா ஒருத்தி? கூச்சமாருக்காதா?"

"ஏட்டி கிறுக்கி!" என்றார் ராமலட்சுமி அக்கா. "ஒன் கூச்சத்துல கட்டடம் போகுதேட்டி!" என்னிடம் திரும்பினார். "வடிவு, நீயா ஒண்ணு சேத்துக்கோயேன். இது என்ன பெரிய லோக்சபாவா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டுகளில் ஒன்றைக் கூட்டினால், அடுத்த வாரம் துபாயிலிருந்தோ அட்லாண்டாவிலிருந்தோ ஒருத்தி கேட்பாள், பாத்து வாக்கே செல்லாது என்பாள். "மறுசுற்று உண்டு, அதுக்கும் அதே பதினேழு வேணும்" என்றேன். "ஆனா ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான்." அதுவும் ஜெனீவா விதி. நாடுகள் தங்கள் தலைநகரத்தோடு பேசிக்கொள்ளட்டும் என்று வைத்த இடைவெளி. அதைப் பிரதியெடுத்தபோது எப்போதும்வென்றான் பஸ் நேரத்தை நான் பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் கூடம் கரைந்தது. ஒருத்திக்குக் கல்யாண வரவேற்பு, ஒருத்திக்கு நூற்பாலையில் மாலை ஷிப்ட், ஒருத்திக்குப் பேரன் காய்ச்சல். ராமலட்சுமி அக்கா வாசலில் நின்று கெஞ்சினார். மூன்றரைக்கு எண்ணினேன். பாத்துவைச் சேர்க்காமல் பதினைந்து பேர். பாத்துவைச் சேர்த்தாலும் பதினாறு. பேச்சியம்மாள் எப்போதோ பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டாள்.

படித்துக்கொண்டிருந்த பெண்கள் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. இந்தக் கட்டடத்தில் தினமும் உட்காருகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு நாற்காலியும் இல்லை. அதையும் விதியில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாற்பத்தைந்து. சீட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பேச்சியம்மாள் இறங்கினாள்.

"அந்த ராமலட்சுமி பத்து வாட்டி போன் அடிக்கா! ஏறி உக்காந்த பஸ்ஸை விட்டு எறங்கி வாரேன். எங்கட்டி பேப்பர்? மாடு இன்னைக்குக் கத்திச் சாகட்டும்" என்றாள். நேற்றுக் காலை என்னை ஏற்றி வந்த அதே ஆட்டோக்காரர் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றார். அவளிடம் காசு வாங்கவில்லையாம்.

பதினாறு பேர். பதினேழாவது பாத்து.

அவளிடம் சீட்டையும் பேனாவையும் கொடுத்தேன். வாங்கவில்லை. "நான் எழுதுனா தப்பில்லையா?" என்றாள்.

"விதிப்படி தப்பில்லை. வேட்பாளரும் ஓட்டுப் போடலாம்."

"விதியை விடு. நீ சொல்லு, வடிவு. தன் பேரைத் தானே எழுதலாமா?"

தேர்தல் அதிகாரி யாருக்கும் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்லக் கூடாது. அதனால்தான் பேசாமல் நின்றேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பழைய கம்பியில் குத்திய என் சீட்டுதான் கண்ணில் நின்றது. கூடத்துக் கதவருகே ஆட்டோக்காரரின் மகள் கையில் கணக்குப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பாத்து அவளைப் பார்த்தாள். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, வெகுநேரம் எடுத்து எழுதினாள்.

எண்ணினேன். பதினாறு பேரும் சரியாக எழுதியிருந்தார்கள், ஆசீர்வாதம் எழுதியவளும் கூட. கடைசிச் சீட்டைப் பிரித்தேன். தாளின் கீழ் மூலையில், எறும்பு அளவுக்கு, பாத்திமா என்று இருந்தது. பதினேழு. மறுபடி எண்ணினேன், பழக்கதோஷம். பதினேழு. பேச்சியம்மாள் விசில் அடித்தாள்.

மாலை ஆறு மணி. மதுரைக்கு முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்தேன், ஐம்பத்தைந்து ரூபாய், சுமார் நூறு கிலோமீட்டர். பாத்து நடைமேடை வரை வந்தாள். கழுத்தில் மாலை இல்லை, அதைப் பேச்சியம்மாள் மாட்டுக்குப் போட வாங்கிப் போய்விட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். மேற்கே வானம் வெளுத்துக் கிடந்தது. இருபத்தாறு வருடம் நாடுகளின் பெயர்களை எண்ணியிருக்கிறேன். ஒரு சீட்டுக்காக இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. அங்கே வென்றவர்கள் கைகுலுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். இங்கே வென்றவள் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வரும் சத்தம் கேட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "பாத்து, அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ட்டி" என்றாள். "கம்பியில குத்துனது நான்தானே? ஒன் கொட்டை எழுத்து எனக்குத் தெரியாதாக்கும்."

நாற்பத்தேழு வருடம். ஒரு கடிதத்திலும் இல்லை, ஒரு போனிலும் இல்லை, ஒரு சண்டையிலும் கூட இல்லை. என் கையைப் பிடித்து எழுப்பி, பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். நான் ஏறிக் கதவருகே நின்றேன். வண்டி அசைந்தது. கூடவே நாலு எட்டு நடந்து வந்தாள்.

"கை இன்னும் கூசுதுட்டி" என்றாள், தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. கோபம் கொஞ்சமும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்டாள். "நீ எப்படித்தான் எழுதுன?"